கீழே வாங்கிப் போட்ட மனை

குன்னூரில் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு மழையில் தொடங்கும். பசுந்தேயிலை விலைக்குப் போகும். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நிற்கும் வேளையென்றால் பிள்ளைகளின் வேலைக்கும் திருமணத்திற்கும் நகரும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக இவற்றோடு இன்னொரு கேள்வியும் தவறாமல் சேர்ந்துகொள்கிறது: "கீழே ஏதாவது வாங்கிப் போட்டிருக்கிறீர்களா?"

கீழே என்றால் சமவெளி, பெரும்பாலும் கோயம்புத்தூர். அதிலும் நகரின் நடுப்பகுதி நம்மவர் கைக்கு எட்டுவதில்லை. மேட்டுப்பாளையம் சாலையிலும் சத்தியமங்கலம் சாலையிலும் அவிநாசி சாலையிலும் நகரம் ஆண்டுதோறும் எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓரப் பகுதிகளே நாம் வாங்கும் இடங்கள். நேற்றுவரை சோளக்காடாகவும் தென்னந்தோப்பாகவும் இருந்து, இன்று கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, வாசலில் வளைவு கட்டிப் பெயர் சூட்டப்பட்ட மனைப்பிரிவுகள் அவை. கிராமம் என்று சொல்ல அங்கே கிணற்றடி இல்லை. நகரம் என்று சொல்ல அங்கே தெருவிளக்கு இல்லை.

"வாங்கிப் போட்டிருக்கிறீர்களா" என்ற அந்தச் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். பருப்பை வாங்கிப் போடுவோம். விறகை வாங்கிப் போடுவோம். விலை ஏறுமென்று பொன்னை வாங்கிப் போடுவோம். குடியிருக்கப் போகும் இடத்தையும் அப்படியே பேசப் பழகிவிட்டோம். எங்கே வாழ்வது என்பது மனிதன் எடுக்கும் முடிவுகளுள் பெரியது. யாரோடு பேசுவோம், எந்தத் தண்ணீரைக் குடிப்போம், நம் பிள்ளைகள் யாரோடு விளையாடுவார்கள், நம் சவப்பெட்டியை யார் தூக்குவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கின்றன. அதைச் சதுர அடி விலை ஒன்றைக் கொண்டே தீர்மானிக்கும் வழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. மலையை விட்டு இறங்குவதை எதிர்த்து அன்று.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "சொர்க்கம் போன்ற ஊரை விட்டு அந்த வெயிலில் போய் ஏன் சாகிறீர்கள்?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு முதலில் விடை கூறிவிடுவோம்.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் அது 7,35,394. தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் இந்த மலை மாவட்டம் இருபத்தாறாயிரத்திற்கும் மேற்பட்டோரை இழந்திருக்கிறது. இத்தனை பேரும் மலையின் அழகை அறியாதவர்களா? 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருந்த சிறு விவசாயி கிள்ளும் கூலிக்கும் கட்டுப்படியாகாமல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். உதகையில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நலிந்து, பின்னர் மூடியே போயிற்று. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் தந்தைக்குக் கிடைத்த வேலை மகனுக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்று எந்த வீட்டிலும் இல்லை. படித்த பிள்ளைக்கு இங்கே கிடைப்பவை பெரும்பாலும் விடுதியில் கணக்கெழுதும் வேலை, கடையில் சாக்லெட் விற்கும் வேலை, சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டும் வேலை.

தோட்டத் தொழிலாளியின் நிலை இன்னும் கடுமையானது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவனுக்கு வீடு தர வேண்டுமென்றது. ஆனால் அந்த லைன் வீடு வேலை இருக்கும்வரைதான். முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய தாய் ஓய்வுபெறும் நாளில் வேலையோடு வீட்டையும் இழக்கிறாள். 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு நாட்டுத் தலைவர்களின் மேசையில் முடிவாயிற்று. அவ்வாறு கப்பலேறி வந்தவர்களுள் பல்லாயிரவர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் குடியமர்ந்தனர். 2022இல் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவதென அரசு முடிவெடுத்தபோது, "இனி நாங்கள் எங்கே போவது?" என்ற கேள்வி அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாயில் மீண்டும் எழுந்தது. பாட்டன் கண்டியில் லயத்தில் வாழ்ந்தான். தந்தை இங்கே லைனில் வாழ்ந்தான். தன் பெயரில் பட்டா உள்ள இரண்டு சென்ட் நிலத்தை அந்தப் பேரன் கோயம்புத்தூரின் ஓரத்தில் வாங்குகிறான் என்றால், அதைப் பேராசை என்று சொல்ல எவருக்கு நா எழும்?

மலையின் அபாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே சரிந்த மண் சாலையையும் பேருந்துகளையும் மனிதர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. 2009 நவம்பரில் மாவட்டமெங்கும் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் கண்விழித்துக் கிடப்பவனிடம் போய் மலையின் அழகைப் பாடுவது கொடுமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "மலையிலேயே இருங்கள்" என்று நமக்கு உபதேசிப்போருள் பலர் ஆண்டில் இருபது நாட்கள் மட்டுமே இங்கே இருப்பவர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பொருளீட்டி, குன்னூரின் சரிவில் பெரும் சன்னல்கள் வைத்த மாளிகை கட்டி, மீதி நாட்களுக்குப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் வாங்க வாங்க இங்கே நில விலை ஏறுகிறது. அந்த விலைக்கு இந்த ஊரில் பிறந்தவனால் வாங்க முடியாமையால் அவன் இறங்குகிறான். அவனை இறக்கிவிட்டவர்களே அவன் இறங்குவதற்காகக் கண்ணீர் வடிப்பது வேடிக்கை.

ஆகவே இறங்குவது குற்றமில்லை. எப்படி முடிவெடுத்து இறங்குகிறோம் என்பதிலேதான் நமக்கு வழக்கு. மனை விற்போரும், அவர்களை நம்பி நாமும், கூறும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம் மருத்துவமனை. இது வலுவான வாதம். நெஞ்சுவலி என்றால் குன்னூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். அதில் பாதி கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதை. பர்லியாறு தாண்டுமுன் உயிர் பிரிந்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை உள்ளது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய கட்டடங்கள் 2025இல் திறக்கப்பட்டன. ஆகவே முன்னிருந்த நிலை சற்று மாறியிருக்கிறது. ஆயினும் பெரிய சிகிச்சைக்குச் சமவெளியே வசதி என்பதை ஒப்புக்கொள்வோம்.

ஆனால் நாம் வாங்கும் மனை மருத்துவமனையின் வாசலில் இல்லையே! பிரதான சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, இரவு ஒன்பது மணிக்குமேல் பேருந்து வராத இடத்தில், நான்கு காலி மனைகளுக்கு நடுவே ஒற்றையாய் நிற்கும் வீடு அது. மகன் வேலைக்கும் மருமகள் வேலைக்கும் போனபின் பகல் முழுதும் அங்கே இருக்கப்போவது எழுபது வயது முதியவர் ஒருவர். அவர் கீழே விழுந்தால் குரல் கேட்க யார் இருக்கிறார்கள்? குன்னூரில் ஓட்டுப்பட்டறையிலோ வண்ணாரப்பேட்டையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருமல் சத்தம் மாறினால் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுவாள். ஆம்புலன்சை அழைப்பது அந்தக் கைதான். மருத்துவமனைக்கு உள்ள தொலைவை அளக்கும்போது, அந்த அடுத்த வீட்டுக்கு உள்ள தொலைவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வாதம் பிள்ளைகளின் எதிர்காலம். நல்ல கல்லூரிகள் கீழே உள்ளன. வேலைகள் கீழே உள்ளன. சரவணம்பட்டியிலும் காளப்பட்டியிலும் கணினி நிறுவனங்கள் உள்ளன. உண்மை. ஆனால் வேலை தேடும் இளைஞனுக்கு வேண்டியது வாடகைக்கு ஓர் அறை. அவன் வேலை நாளை பெங்களூருக்கு மாறலாம். மறுநாள் துபாய்க்கு மாறலாம். பத்து வயதில் அவனுக்காக வாங்கிப் போட்ட மனை இருபத்தைந்து வயதில் அவனுக்கு எதிர்த் திசையில் இருக்கிறது. பிள்ளைக்காக வீடு கட்டிக் குடியேறிய பெற்றோர், பிள்ளை வெளிநாடு போனபின், அறிமுகமில்லாத ஊரில் தாங்கள் மட்டும் தனித்து நிற்பதை நாம் காணவில்லையா? மலையில் முதுமை கடினம். ஆனால் எவரையும் அறியாத இடத்தில் முதுமை அதனினும் கடினம்.

சிறு பிள்ளையின் கணக்கும் உண்டு. குன்னூரில் பிள்ளை படியேறிப் பள்ளிக்கு நடந்து போகிறான். நகர ஓரத்தில் அதே பிள்ளை காலை ஏழு மணிக்குப் பள்ளி வண்டியில் ஏறி, மாலை ஐந்துக்கு இறங்குகிறான். இரண்டு மணி நேரம் சாலையில் கழிகிறது. அவன் கால்களுக்கு வேலை இல்லை. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவனுடைய மாலைப் பொழுதைப் பற்றியும் பேச வேண்டாமா?

மூன்றாம் வாதம் விலை. "இன்று ஐந்து இலட்சம், பத்து ஆண்டில் இருபது இலட்சம்" என்பர். ஏறியதும் உண்டு, ஏறாமல் முள்மண்டிக் கிடப்பதும் உண்டு. அதைவிடக் கசப்பான நினைவு ஒன்று உண்டு. 2016 செப்டம்பரில், அனுமதி பெறாத மனைப்பிரிவுகளின் மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அன்றுதான், தாங்கள் ஆண்டுக்கணக்கில் தவணை கட்டியது வீட்டுமனைக்கா வெறும் வயற்காட்டுக்கா என்பது பலருக்குத் தெரியவந்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. மேலும் கட்டணம் செலுத்தி, மேலும் அலைந்து, தங்கள் நிலத்தைத் தங்கள் நிலமாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓய்வூதியப் பணிக்கொடை முழுவதையும் அதில் இட்டிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மேலும், விலை ஏற வேண்டும் என்ற ஆசையில் வாங்கப்பட்ட மனையில் எவரும் உடனே வீடு கட்டுவதில்லை. எல்லாரும் காத்திருக்கின்றனர். எல்லாரும் காத்திருப்பதால் அங்கே கடை வருவதில்லை. கடை வராததால் பேருந்து வருவதில்லை. பேருந்து வராததால் குடிவருவோர் இல்லை. விலைக்காகக் காத்திருப்பவர்களால் ஊர் உருவாகாது. 2011இல் துடியலூர், வெள்ளக்கிணறு, சின்னவேடம்பட்டி, சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி முதலியன கோயம்புத்தூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன; மாநகராட்சியின் பரப்பு நூற்றைந்து சதுர கிலோமீட்டரிலிருந்து இருநூற்று ஐம்பத்தேழாக விரிந்தது. வரி இரசீதில் மாநகராட்சியின் பெயர் உடனே வந்துவிட்டது. சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அந்த வேகத்தில் வரவில்லை.

தண்ணீரைப் பற்றி நம்மவர் கேட்பதே இல்லை. குன்னூரிலும் கோடையில் ரேலியா அணை வற்றும்போது குடத்தோடு நிற்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் கோயம்புத்தூரின் பெரும் பகுதி குடிப்பது சிறுவாணியையும் பில்லூரையும் நம்பி. பில்லூருக்கு வந்து சேரும் நீரில் ஒரு பங்கு நம் நீலகிரியின் மேற்குச் சரிவுகளில் பெய்து, குந்தா மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு இறங்கியது. மலையில் பெய்ததைத் தேடி மலையிலிருந்தே நாமும் இறங்கிப் போய், அது தெருக்கோடிவரை வராத இடத்தில் வீடு கட்டி, ஆயிரம் அடி ஆழ்துளை போட்டு உப்புநீர் இறைக்கிறோம். மனை வாங்குமுன் அந்த ஒரு குவளை நீரைக் குடித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

குன்னூரில் லாம்ஸ் ராக் என்னும் பாறை முனையில் நின்றால் சமவெளி விரிந்து கிடப்பது தெரியும். தொடக்கநூலில் லோத்தும் இப்படியோர் உயரத்தில் நின்றுதான் பார்த்தான். யோர்தான் சமவெளி நீர்வளம் மிக்கதாகக் கண்ணில் பட்டது, அதைத் தேர்ந்துகொண்டான். அங்கே வாழும் மனிதர் எத்தகையோர் என்பதைக் கேட்டறிந்ததாக விவிலியம் கூறவில்லை. சமவெளிக்குப் போனது அவன் பிழையென்று நான் வாதிட வரவில்லை. மேலிருந்து கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுத்தானே, அதைத்தான் நாமும் செய்துகொண்டிருக்கிறோம். அவன் பார்த்தது பசுமை. நாம் பார்ப்பது விளம்பரத் தாள்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? ஒரே அளவுகோலைச் சொல்வேன். குடும்பத்தில் ஆகத் தளர்ந்தவர் யாரோ, அவருடைய கால்களைக் கொண்டு அளந்து பாருங்கள். பாட்டியாக இருக்கலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம், வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத மருமகளாக இருக்கலாம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நாற்பது வயது ஆண்மகன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். அவனே மனை பார்க்கப் போகிறான்; அவனே முன்பணம் கொடுக்கிறான்; அந்த இடத்தில் பகல் முழுதும் வாழப்போகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பாட்டியை அழைத்துக்கொண்டு போங்கள். மனைக்காரர் அனுப்பும் வண்டி வேண்டாம்; பேருந்தில் போங்கள். சித்திரை நடுப்பகலில் ஒருமுறையும் கார்த்திகை மழையில் ஒருமுறையும் போங்கள். நிறுத்தத்தில் இறங்கி அவரால் அந்த இடம்வரை நடக்க முடிகிறதா? மருந்துக் கடை எங்கே? பால் எங்கே? ஆலயம் எங்கே, அங்கே அவர் தனியே போய்வர முடியுமா? பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலம் பொதுவுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த இடம் பூங்காவாக இருக்கிறதா, புதராக இருக்கிறதா, எவராவது வேலியிட்டுக்கொண்டாரா என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர் வீட்டில் ஏறித் தண்ணீர் கேளுங்கள். அவர் கொடுக்கும் தண்ணீரும் கொடுக்கும் விதமும், மனைக்காரர் சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும்.

இதே அளவுகோலால் குன்னூரையும் அளக்க வேண்டும், அதுதான் நேர்மை. நூறு படி ஏறிப் போக வேண்டிய வீட்டில், மூட்டுவலியோடு, பனியில், தனியே இருக்கும் முதியவருக்கு இந்த ஊரும் சிறைதான். அவர் இறங்குவதே நன்று என்று அந்த அளவுகோல் சொல்லுமானால் தயங்காமல் இறங்கட்டும். ஆனால் துடியலூருக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் உள்ளே சொந்த வீடு வேண்டுமா, பேருந்து நிறுத்தத்தின் அருகே வாடகை வீடு போதுமா என்பதையும் அதே அளவுகோலால் பார்க்கட்டும். சொந்த வீடு என்ற கௌரவத்திற்காகக் கிழவியை ஒரு தீவில் கொண்டுபோய் விடுவது அன்பாகாது.

கடைசியாக நம்மவரிடம் ஒரு வார்த்தை. சில மனைப்பிரிவுகளில் இன்ன சாதியாருக்கே விற்பது என்னும் சொல்லப்படாத விதி உண்டு. வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்துவோர் உண்டு. அதனால் காயப்பட்ட நாம், "கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்று விளம்பரம் வரும்போது மகிழ்ந்து ஓடுகிறோம். அந்த வேலிக்குள்ளும் சாதி கேட்கப்படுகிறது என்பதை அறிந்தும் அறியாதவர்போல் இருக்கிறோம். குன்னூரின் லைன்களிலும் சந்துகளிலும் படுகரும் தமிழரும் மலையாளியும் கன்னடரும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே குழாயடியில் சண்டையிட்டு ஒரே சாவு வீட்டில் சேர்ந்து அழுதவர்கள். சண்டையும் சாதியும் இங்கேயும் உண்டு. ஆயினும் ஒருவரை ஒருவர் தெரியும். இந்தப் பழக்கத்தைத் தலைமுறைகள் சேர்த்து வைத்த சொத்தென்று கருதி, இறங்கிப் போகும்போது உடன் கொண்டுபோக வேண்டும். சதுர அடி விலை கொடுத்து அதை வாங்க முடியாது.

முன்பே இறங்கியவர்களுக்கும் கடமை உண்டு. புதிய தெருவில் முதலில் குடிவந்தவர் நீங்களானால், இரண்டாவது வீட்டாரின் கதவைத் தட்டுங்கள். அன்பியம் வரும்வரை காத்திராமல் அன்பியமாகுங்கள். நகரப் பேருந்து கேட்டு நான்கு வீட்டார் சேர்ந்து மனு எழுதுங்கள்; தெருவிளக்குக்காக மாமன்ற உறுப்பினரைப் பாருங்கள். மலையில் இருப்போரும், பிள்ளைகள் இறங்கிவிட்ட வீடுகளில் விளக்கெரியும் சன்னல் எது, எரியாத சன்னல் எது என்று அன்றாடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். இறங்கலாம், தங்கலாம். எதைச் செய்தாலும் முடிவெடுக்கும் அந்த மாலையில் மனைக்காரரின் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் எல்லாரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். அவர் "எனக்கென்ன, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்றுதான் முதலில் சொல்வார். அதோடு விட்டுவிடாமல் இன்னொருமுறை கேளுங்கள்.